ஆடி வெள்ளியன்று லிந்துலையில் வானம்

“லயத்துல நின்னு பார்த்தா எல்லாமே புதுசாத்தான் தெரியும், தங்கச்சி. லென்ஸ்ல தூசி இருக்கும். தொடச்சிட்டுப் பாருங்க.”

பதினொரு விநாடி நீளமுள்ள குரல்செய்தி அது. கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பும், பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தமும் கேட்கும். இன்னும் அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். கோபம் ஆறுகிறது என்று தோன்றும் நாட்களில் ஒருமுறை கேட்டுக்கொள்வேன். பாடத் திட்டம் எழுதும்போதும், மாணவர்களின் கொப்பிகளைத் திருத்தும்போதும் காதில் அந்தச் சிரிப்பு இருக்க வேண்டும் என்று நானே விரும்பியிருக்கிறேன். இது நல்ல பழக்கமில்லை என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

பேசியவர் எங்கள் மலையக வானியல் வட்டத்தின் செயலாளர். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக, தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள், கடைக்காரர்கள், வேலை தேடும் பட்டதாரிகள் என்று முப்பது பேர் வரை இருந்த அந்த வட்டத்தில் எல்லோரும் அவரைச் ‘செயலாளர் ஐயா’ என்றுதான் அழைப்போம். தும்பைப்பூப் போன்ற சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, யாருக்கும் அவசரப்படாத குரல். ஆங்கிலத்தில் கடிதம் எழுதினால் வெள்ளைக்காரனே திருப்பிப் படித்துப் பார்ப்பான் என்று சொல்வார்கள். அவருக்குச் சேரவேண்டிய புகழை நான் மறைக்க மாட்டேன். அவர் இல்லாவிட்டால் அப்படி ஒரு வட்டமே இந்த மலையில் உருவாகியிருக்காது. அதனாலேயே அந்த வட்டம் தன்னுடையது என்று நினைத்தார். அதில் இருந்தவர்களின் கண்களையும் சேர்த்துத் தன்னுடையவை என்று நினைத்தார்.

நான் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை போன முதல் ஆள். கெம்பஸ் போன முதல் ஆளும் நான்தான். இப்போது தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்படக் கூடாது என்று எனக்கு யாரும் காரணம் காட்டியதில்லை.

அன்று ஆடி அமாவாசைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஆடியில் எங்கள் பக்கம் மழை இராது. நுவரெலியா மலைத்தொடருக்கு மேற்கே, லிந்துலை, ஹட்டன் பக்கமெல்லாம் விடாமல் பெய்துகொண்டிருக்கும். அந்த மேகம் மலையைத் தாண்டி எங்களிடம் வரும்போது வெறும் காற்றாகிவிடும். கச்சான் காற்று என்போம். தேயிலைச் செடியே ஒரு பக்கமாகச் சாயும். ஆனால் வானம் மட்டும் பளிச்சென்று இருக்கும். லயத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கொஞ்சம் சமதரை உண்டு. மாலையில் அங்கே முக்காலியை நிறுத்தி, காற்றில் ஆடாமல் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, என் பழைய கெமராவால் தனுசு ராசிப் பக்கத்தைப் படம் எடுப்பேன். பால்வீதி அங்கேதான் அடர்த்தி. பிறகு வீட்டுக் காம்பராவுக்குள் வந்து, அன்றைய படத்தையும் முந்தைய வாரத்துப் படத்தையும் மடிக்கணினியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். ஆயிரக்கணக்கான புள்ளிகளில் எதுவும் மாறாது. மூன்று வருடமாக எதுவும் மாறவில்லை. அன்று ஒன்று மாறியிருந்தது.

நோவா என்றால் புதிதாகப் பிறந்த நட்சத்திரம் இல்லை. யாருக்கும் தெரியாமல் மங்கலாக இருந்த பழைய நட்சத்திரம் ஒன்று திடீரென்று பற்றிக்கொண்டு பல்லாயிரம் மடங்கு ஒளிர்வது. முதலில் அதை ‘நோவாவாக இருக்கலாம்’ என்றுதான் சொல்ல வேண்டும். கெமராவின் கோளாறா, நகரும் சிறுகோளா, முன்பே பட்டியலில் உள்ள ஒளிமாறும் நட்சத்திரமா என்று ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். நான் தள்ளினேன். ஏழு நாற்பதுக்கு எடுத்த முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை, கெமராவை ஒவ்வொரு தடவையும் சற்றுத் திருப்பியே எடுத்திருந்தேன். தூசி என்றால் படச்சட்டத்தில் ஒரே இடத்தில் நின்றிருக்கும். இந்தப் புள்ளியோ பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்ந்து இடம் மாறியது. அம்மா அடுப்படியிலிருந்து, “என்னாத்துக்கு இப்பிடி மூச்சு வாங்குது ஒனக்கு?” என்று கேட்டாள்.

எங்கள் வட்டத்தில் ஒரு விதி இருந்தது. யாரும் நேரடியாக வெளியே அறிவிக்கக் கூடாது. பன்னாட்டு வானியல் அறிவிப்பு இணையப் பக்கத்தில் எங்களில் பதிவு பெற்றவர் செயலாளர் ஐயா ஒருவர்தான். அவருக்கு அனுப்ப வேண்டும், அவர் பார்த்துச் சரி என்றால் அனுப்பியவர் பெயரில் போகும். தவறான அறிவிப்புகளால் வட்டத்தின் பெயர் கெடக்கூடாது என்பதற்காக வந்த விதி. நானும் கை தூக்கி ஆதரித்த விதிதான். படங்களையும் இடக்குறிப்பையும் எட்டரைக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் அந்தப் பதினொரு விநாடிகள் வந்தன.

“தூசின்னா கெமரா கூடவே நகரும் ஐயா. மூணு படத்தையும் பாருங்க” என்று பதில் போட்டேன். படித்ததற்கான நீலக்குறி விழுந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் காலையில் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தேன். என் புள்ளி அங்கே இருந்தது. அதே இடக்குறிப்பு, அதே ஒளித்தரம். கண்டவர் என்ற இடத்தில் செயலாளர் ஐயாவின் பெயர். கண்ட நேரம் ஏழு இருபது. கண்ட இடம் லிந்துலை, சொந்த வீட்டு மொட்டைமாடி.

அழைத்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

“ஓ, நீங்க அனுப்புனதும் அதுதானா? நான் அதுக்கு முன்னமே எடுத்துட்டேன் தங்கச்சி. ஒங்க படத்தப் பார்த்தப்ப அது வேற எடமோன்னு நெனச்சிட்டேன்.”

“தூசின்னு சொன்னீங்களே ஐயா?”

“பார்த்த ஒடனே எதையும் நம்பக்கூடாது. அதுதானே விஞ்ஞானம்? நீங்க டீச்சர், ஒங்களுக்குத் தெரியாததா? பரவாயில்ல, உறுதிப்படுத்துனவங்கன்னு ஒங்க பேரையும் போடச் சொல்லி எழுதுறேன். லயத்துலருந்து ஒரு பொம்பளப் புள்ள பேரு வர்றது சின்ன விசயமா?”

அவர் அதை ஒரு கொடையாகவே கொடுத்தார். அதுதான் இன்றுவரை என்னை எரிக்கிறது. திருடியவர் என்ற உணர்வே அந்தக் குரலில் இல்லை.

அந்தக் குரல் எனக்குப் புதிதில்லை. அப்பாவின் அக்கா, என் அத்தை, லிந்துலையில் அவர் வேலை பார்த்த அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள். மலையில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்ட பிறகு அவளுக்குத் தோட்டக் கந்தோரை, அதாவது அலுவலகத்தை, கூட்டித் துடைக்கும் வேலை கொடுத்தார்கள். அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்தது. கந்தோர் முற்றத்தில் மழை அளக்கும் செப்புப் பாத்திரம் ஒன்று நட்டிருக்கும். அதற்குள் சேரும் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கிளாக்கர் அதைப் பதிவேட்டில் எழுதுவார். அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அந்தக் கோடுகள் தெரியும். பெரிய கோடு, சின்னக் கோடு என்று அவளே பெயர் வைத்திருந்தாள்.

பத்து வயதில் பள்ளி விடுமுறைக்குப் போயிருந்தபோது ஒருநாள் அவளோடு கந்தோருக்குப் போனேன். மழை. அவள் பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு குழாயைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பார்த்தாள். பிறகு யன்னலுக்கு வந்து, “மூணு பெரிய கோட்டுக்கு மேல ரெண்டு சின்னக் கோடுங்க ஐயா” என்றாள்.

உள்ளே பெரிய கிளாக்கர் தலையைத் தூக்கவில்லை. “கண்ணால பார்த்தியா, கனவுல பார்த்தியா? எழுத்துத் தெரியாதவ சொல்றத எல்லாம் நான் எழுதிக்கிட்டு இருக்கேன் பாரு.”

மேசைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். ஆனால் அவர் எழுந்து வெளியே வந்து குழாயைப் பார்க்கவில்லை. மழையில் நனைய அவருக்கு மனமில்லை. அத்தை சொன்னதை அப்படியே எழுதிக் கீழே தன் கையெழுத்தை வைத்தார். அதுதான் அவருடைய வழி. வாய் நம்பாது, கை எழுதிக்கொள்ளும். வருடக்கணக்காக அத்தையின் கண் பார்த்தது அவருடைய கையெழுத்தோடுதான் மேலிடத்துக்குப் போனது. என் நட்சத்திரத்துக்கும் அதைத்தான் செய்தார் என்று எனக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

அந்த வாரத்திலேயே ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்மணி, தன் வீட்டுத் தோட்டத்துத் தொலைநோக்கியில் அந்தப் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, ஐதரசன் வாயுவின் அகன்ற கோடுகள் இருப்பதைக் காட்டினார். நோவா உறுதியானது. கிழக்கே எங்கள் மலையில் ஒவ்வொரு மாலையும் அது தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தால் லேசான சிவப்பு. என் கண் முன்னாலேயே இன்னொருவர் பெயரில் எரிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கும் காட்டினேன். பார்த்துவிட்டு, “சரி, விட்டுடு. பெரிய மனுசங்க கூட நமக்கு என்னா வம்பு?” என்றாள். எங்கள் லயத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த ஆலோசனை அது. என்னைப் படிக்க வைத்தது அதைத் திரும்பச் சொல்வதற்காக இல்லை என்று அவளிடம் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

வழி காட்டியது ஒரு சளித் தடிமன். பத்து நாள் கழித்து அத்தை போன் பண்ணினாள். குரல் கட்டியிருந்தது.

“என்னா அத்த, தொண்ட இப்பிடி அடைச்சிருக்கு?”

“மழையில நனைஞ்சதுதான். மண்ணு சரியும்னு எச்சரிக்க விட்டாங்கல்ல, மணிக்கொரு தடவ அளக்கச் சொல்லிட்டாங்க. கொடையும் டோர்ச்சுமா ராவு பத்து மணி வரைக்கும் நின்னேன். ஆடி வெள்ளியும் அதுவுமா கோயிலுக்குக்கூடப் போவல.”

“எந்த வெள்ளி அத்த?”

“அமாவாசைக்கு முந்துன வெள்ளிதான்.”

எழுந்து நின்றுவிட்டேன். “ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் எடையில மழை விட்டுச்சா?”

“எங்க விட்டுச்சு? அந்த ஒரு மணி நேரத்துலதான் கொழாயி பாதிக்கு மேல ரொம்புச்சு. எதிர் வீட்டு வெளக்கே தெரியல. ஏன் கேக்குற?”

செயலாளர் ஐயாவின் வீடு அந்தக் கந்தோரிலிருந்து கூப்பிடு தூரம். மலைநாட்டில் பிறந்த எந்தப் பிள்ளையும் செய்யாத தவறை அவர் செய்திருந்தார். ஆடி மாதத்தில் கிழக்குச் சரிவின் வானத்தைக் கொண்டுபோய் மேற்குச் சரிவில் வைத்துவிட்டார். எப்படி என்று அத்தையே அடுத்த பேச்சில் சொன்னாள். அவர் அந்த வாரம் முழுவதும் கொழும்பில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார். வீட்டில் இருந்தது நாய் மட்டும். அதற்குச் சோறு வைக்கச் சொல்லி அத்தையிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கொழும்பில் உட்கார்ந்துகொண்டே, பதிவில் ஏற்கனவே இருந்த தன் வீட்டு முகவரியை அப்படியே விட்டு, நேரத்தை மட்டும் எனக்கு இருபது நிமிடம் முன்னால் நகர்த்தியிருக்கிறார்.

பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அத்தை இப்போதைய இளம் கிளாக்கரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாளாம். “மழை என்னா ரகசியமாக்கா? எடுத்துக்குங்க” என்று அவனே எடுத்து அனுப்பிவிட்டான்.

அன்றே நான் அதை அறிவிப்புப் பக்கத்துக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஆவணியில் நகர மண்டபத்தில் செயலாளர் ஐயாவுக்குப் பாராட்டு விழா என்று அழைப்பிதழ் வந்திருந்தது. காத்திருந்தேன். நியாயம் மட்டும் வேண்டுமென்றால் ஒரு மின்னஞ்சல் போதும். எனக்கு அது போதவில்லை. அந்த யன்னலுக்கு வெளியே அத்தை சிரித்த சிரிப்புக்கும் சேர்த்து வேண்டியிருந்தது.

விழாவுக்கு அத்தையைக் கூட்டிப்போனேன். கல்யாணத்துக்கு உடுத்தும் நீலச் சேலை கட்டி வந்திருந்தாள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தோம், பின்வரிசைகளில் பாடசாலைப் பிள்ளைகள். மாலை, பொன்னாடை, மூன்று வாழ்த்துரை. பிறகு கேள்வி நேரம். எழுந்தேன்.

“ஐயா, அன்னைக்கு வானம் எப்பிடி இருந்துச்சுன்னு புள்ளைங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்.”

அவர் மகிழ்ந்துபோனார். என் பக்கம் கையை நீட்டி, “இவங்கதான் உறுதிப்படுத்துன டீச்சர்” என்று அறிமுகம் செய்தார். “வானம் அன்னைக்குத் தொடச்சு வெச்ச கண்ணாடி மாதிரி. ஒரு மேகம் கெடையாது. மொட்டமாடியில தனியா நின்னேன். கடவுளே கூப்ட்டுக் காட்டுன மாதிரி இருந்துச்சு.”

கைதட்டினார்கள். தட்டி ஓயும்வரை நின்றேன். பிறகு அத்தையின் தோளைத் தொட்டேன். என்ன பார்த்தாளோ அதை மட்டும் சொல்லச் சொல்லியிருந்தேன்.

அவள் எழுந்து, பழக்கத்தில் தலையை லேசாகக் குனிந்துகொண்டாள். “ஐயா மன்னிக்கணும். அந்த வெள்ளிக்கெழம நான் ஆறு மணியிலருந்து பத்து மணி வரைக்கும் மழ அளந்தேனுங்க. ஏழுலருந்து எட்டுக்குள்ளதான் மழ ரொம்பக் கூட.”

“இடையில கொஞ்சம் வெளுத்துச்சு” என்றார் அவர்.

“வெளுக்கலீங்க ஐயா. நீங்க கொழும்புல இருந்தீங்க, ஒங்களுக்குத் தெரியாது. நாய்க்குச் சோறு வெக்கப் போனப்ப மொட்டமாடித் தண்ணி படியில எறங்கி வந்து, நாயி கக்கூசுக்குள்ள போயி படுத்துக்கிட்டு வரமாட்டேன்னுடுச்சு.”

முதலில் பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் பதிவேட்டுப் பக்கத்தின் பெரிய பிரதியை மேடைக்குக் கொண்டுபோய் விழாத் தலைவரிடம் கொடுத்தேன். செயலாளர் ஐயா, “எழுதப் படிக்கத் தெரியாத பொம்பள...” என்று தொடங்கினார். தலைவர் பதிவேட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பொன்னாடை ஒரு தோளிலிருந்து நழுவியது. அவர் அதைப் பிடிக்கவில்லை. அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. பாவம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று மாலையே மூலப் படங்கள், பதிவேட்டுப் பக்கம், அந்தப் பதினொரு விநாடிக் குரல் எல்லாவற்றையும் அறிவிப்புப் பக்கத்துக்கு என் சொந்தப் பெயரில் அனுப்பினேன். சில வாரங்களில் திருத்தினார்கள். கண்டவர் என்ற இடத்தில் இப்போது இருப்பது என் பெயர். அப்பா பெயரின் முதலெழுத்தோடு, எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறது. அம்மா அந்தப் பக்கத்தை அச்செடுக்கச் சொல்லி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவர் அழைத்தார். “என் வயசுக்கு நீங்க இத செஞ்சிருக்க வேணாம், தங்கச்சி. தனியா வந்து கேட்டிருந்தா நானே மாத்தியிருப்பேன்.”

“தனியாத்தானே ஐயா கேட்டேன்? மூணு தடவ அடிச்சதுக்குப் பொறகுதான் போனையே எடுத்தீங்க.”

“நாய் செத்துப்போச்சு” என்றார் அவர். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. நான் போனை வைத்துவிட்டேன். சொல்ல ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றும். பல நாள் தோன்றாது.

இதோடு முடிந்தது என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போன மாதம், தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. “அக்கா, எனக்கும் தூசின்னுதான் சொன்னாங்க.”

றொசல்லப் பக்கத்துப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் வட்டத்தில் இருந்தவள். ஒளிமாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டு அனுப்பியிருக்கிறாள். தூசி என்று பதில் வந்ததும் வெட்கப்பட்டு வட்டத்தை விட்டே போய்விட்டாள். இப்போது கொழும்பில் தையல் தொழிற்சாலையில் வேலை. அந்த நட்சத்திரம் செயலாளர் ஐயாவின் பெயரில் பட்டியலில் இருப்பதை அவள் சமீபத்தில்தான் பார்த்திருக்கிறாள். “பழைய படமெல்லாம் கெமரா கார்டுல இருக்குக்கா. கார்டு அம்மாவோட ட்ரங்குப் பெட்டியில. ஆனா இனிமே என்னாத்துக்கு?” என்று கேட்டாள்.

“என்னாத்துக்குன்னு நான் சொல்றேன். அம்மாகிட்ட நான் வர்றேன்னு மட்டும் சொல்லிவை” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் றொசல்லவுக்குப் போனேன். அவள் அம்மா பெட்டியின் அடியிலிருந்து, பிள்ளையின் பிறப்புப் பதிவோடு ஒரே பையில் சுற்றி வைத்திருந்த அந்தக் கார்டை எடுத்துத் தந்தார். படங்கள் கெடாமல் இருந்தன. நாளும் நேரமும் ஒவ்வொன்றிலும் பதிந்திருந்தன. செவ்வாய்க்கிழமை அவளுடைய பெயரில், அவளுடைய சம்மதத்தோடு, எல்லாவற்றையும் அறிவிப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒரு பிரதியை லிந்துலை வீட்டு முகவரிக்கும் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். நாளை அவர் கைக்குக் கிடைக்கும்.